சொல் விலகிய பின்: பரோக் வழிபாட்டு இசையும் தனிப் பியானோவும்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் பியானோவோ கீபோர்டோ கற்கும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களில் ஒரு மெட்டு எப்படியும் இடம்பிடித்துவிடும். யோகான் செபாஸ்தியான் பாக் 1723இல் லைப்சிக் நகரத் தேவாலயத்துக்காக அமைத்த 147ஆம் கான்டாட்டாவில் வரும் கோரல் அது. சபையார் அறிந்த ஒரு துதிப்பாட்டை நான்கு குரல்களில் பாடகர் குழு பாட, தந்திக் கருவிகளும் ஓபோவும் அதைச் சூழ்ந்து ஓட, ஆண்டவரின் தாய் எலிசபெத்தைச் சந்தித்த திருநாளில் ஒலித்த இசை. திவான் பகதூர் சாலையை ஒட்டிய ஒரு மாடி வீட்டுக்கு அது வந்து சேரும்போது பாடகர்கள் இல்லை, ஓபோ இல்லை, ஜெர்மன் சொற்களும் இல்லை. கறுப்பு வெள்ளைக் கட்டைகள் மட்டும்தான்.

பாடுவதற்கென்று, அதுவும் வழிபாட்டின் நடுவில் பாடுவதற்கென்று எழுதப்பட்ட இசையைச் சொல்லற்ற ஒற்றைக் கருவிக்கு மாற்றினால் எது மிஞ்சுகிறது? இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாகப் பதில்கள் குவிந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பியானோ என்ற கருவியின் தகுதியைப் பற்றியே வாதாடின. கேட்பவரின் நினைவில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்பதைக் குறைவாகவே பேசின. தமிழ்நாட்டின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டாவது கேள்விக்குத்தான் கனம் அதிகம் என்று தோன்றுகிறது.

பாக் விட்டுச்சென்ற முன்னுதாரணம்

மாற்றமைப்பை ஆதரிப்பவர்கள் முதலில் அழைக்கும் சாட்சி பாக்கேதான். 1740களின் இறுதியில் ஷூப்ளர் என்பவர் அச்சிட்டு வெளியிட்ட ஆறு கோரல்களில் ஐந்து, பாக் தம் கான்டாட்டாக்களிலிருந்து ஆர்கனுக்கு மாற்றிக்கொண்டவை. ஆறாவதன் மூலம் கிடைக்கவில்லை. 1731இல் இயற்றிய 140ஆம் கான்டாட்டாவில் டெனர் குரல் பாடும் பகுதி இவற்றுள் புகழ்பெற்றது. குரலின் மெட்டு ஒரு கைக்கும், வயலின்களின் வரி மற்றொரு கைக்கும், அடிநாதம் காலுக்கும் போயிற்று. அதிகம் சேர்க்கவுமில்லை, அதிகம் விடவுமில்லை.

எதிர்த் திசையிலும் அவர் சென்றிருக்கிறார். தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசையை 29ஆம் கான்டாட்டாவில் ஆர்கனும் இசைக்குழுவும் வாசிக்கும் தொடக்கமாக மாற்றினார். அதே முன்னிசைதான் 1986இல் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில், பாக்கை வீட்டில் சந்தித்ததாகத் தலைப்பிட்ட பகுதிக்கு அடிப்படை. இன்னும் துணிச்சலான சான்று 1734ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோவில் இருக்கிறது. அதில் குழந்தை இயேசுவுக்கான தாலாட்டு, முந்தைய ஆண்டு ஓர் அரசகுடும்பப் பிறந்தநாளுக்காக எழுதிய நாடகப் பாட்டில் ஹெர்குலிஸை மயக்க ‘இன்பம்’ என்ற பாத்திரம் பாடிய தாலாட்டுதான். சொல் மாறியது, மெட்டு தங்கியது.

இந்த வாதம் வலுவானதாகத் தெரிந்தாலும் இரண்டு இடங்களில் ஆட்டம் காண்கிறது. தாலாட்டின் கதையில் பாக் சொல்லை மாற்றினார், எடுத்துவிடவில்லை. ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் வந்தது. ஷூப்ளர் கோரல்களில் சொல் போனது உண்மைதான். ஆனால் அவற்றைக் கேட்ட லுத்தரன் சபையாருக்கு அந்தத் துதிப்பாட்டுகள் சிறுவயது முதல் மனப்பாடம். ஆர்கன் மெட்டைத் தொட்டதும் சொற்கள் தாமே எழுந்திருக்கும். அந்தச் சபைக்கு வெளியே, வேறு கண்டத்தில், வேறு கருவியில் செய்யும் மாற்றத்துக்கு இந்த முன்னுதாரணம் எவ்வளவு தூரம் துணைவரும் என்பது தனிக் கேள்வி.

பத்து விரலும் ஒரு பாடகர் குழுவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய மாற்றமைப்புக்குக் காரணம் பெரும்பாலும் தேவைதான். ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் பெரிய இசையை வீட்டில் அறிந்துகொள்ளப் பியானோவே வழி. 1829இல் பெர்லினில் மெண்டல்சன் பாக்கின் மத்தேயு பாடுகளை மீண்டும் அரங்கேற்றிய மறு ஆண்டே அதன் பியானோச் சுருக்கமும் அச்சில் வந்துவிட்டது. பிரான்ஸ் லிஸ்ட் அந்தத் தேவையைத் தாண்டிச் சென்றவர். 1862இல் அல்லேக்ரியின் பதினேழாம் நூற்றாண்டு ‘மிசரேரே’யையும் மோட்சார்ட்டின் ஒரு சிறு துதியையும் இணைத்து, ரோமின் சிஸ்டைன் சிற்றாலயத்தை நினைவுகூரும் ஒரு படைப்பை அமைத்தார். அதே ஆண்டில், மகள் பிளான்டின் இறந்த துயரில், பாக்கின் 12ஆம் கான்டாட்டாவில் அழுகையையும் புலம்பலையும் பாடும் பகுதியின் இறங்குமுக அடிநாதத்தை எடுத்துக்கொண்டு நீண்ட மாறுபாடுகளை எழுதினார். கான்டாட்டாவைப் போலவே அதுவும் கடவுளின் செயலை நம்பி ஏற்கும் ஒரு கோரலில் போய் முடிகிறது. இதை மாற்றமைப்பு என்பதா, புதிய படைப்பு என்பதா என்று இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

பியானோ கலைஞர் புசோனி இந்தப் போக்குக்குத் தத்துவம் கொடுத்தார். 1898இல் பாக்கின் பத்து ஆர்கன் கோரல்களைப் பியானோவுக்கு மாற்றிய அவர், 1907இல் வெளியிட்ட சிறுநூலில், மனத்தில் தோன்றிய இசையைத் தாளில் எழுதுவதே முதல் மாற்றமைப்பு, அதன் பின் வருபவை அதன் தொடர்ச்சி என்ற பொருளில் வாதிட்டார். கவர்ச்சியான வாதம்தான். சற்று அதிகக் கவர்ச்சி என்றும் சொல்லலாம். எல்லாமே மாற்றமைப்பு என்றாகிவிட்டால் நல்லதையும் மோசமானதையும் பிரிக்க அளவுகோல் இருக்காது. சொல்லோடு பிறந்த இசைக்கும் சொல்லின்றிப் பிறந்த இசைக்கும் உள்ள வேறுபாடும் அந்த வாதத்தில் கரைந்துபோகிறது.

கைவேலையின் பக்கம் சிக்கல்கள் திட்டவட்டமானவை. மனிதக் குரல் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே அதன் நடுவில் வீங்கவும் தணியவும் முடியும். பியானோவின் சுரம் சுத்தியல் தந்தியைத் தட்டிய நொடியிலிருந்தே தேயத் தொடங்குகிறது. நீளப் பிடிக்கும் சுரங்களாலான கோரல் மெட்டுக்கு இது பெரிய இழப்பு. பெடலை மிதித்தால் சுரம் நிற்கும், ஆனால் நான்கு குரல்களின் வரிகள் ஒன்றோடொன்று குழம்பும். மெய்யெழுத்துகள் தரும் வெட்டும் மூச்சு வாங்கும் இடைவெளியும் தாளில் இருப்பதில்லை. வாசிப்பவர்தான் அவற்றைச் செய்துகொள்ள வேண்டும். அடிநாதத்தின் மேல் எண்களாக மட்டும் குறிக்கப்பட்ட சுரக்கூட்டுகளை அந்தக் காலத்து ஆர்கன் கலைஞர் அப்போதைக்கப்போது நிரப்பிக்கொள்வார். மாற்றமைப்பவர் அதை ஒரே வடிவத்தில் எழுதி உறைய வைக்கிறார். மூலத்துக்கு மிகவும் நெருக்கமாக இருக்க முயலும் மாற்றமைப்பிலும் இந்த ஒரு முடிவு மாற்றமைத்தவருடையதாகவே இருக்கும்.

மைரா ஹெஸ்ஸும் மறைந்திருக்கும் கோரலும்

ஆர்.எஸ்.புரத்துப் பிள்ளைகள் வாசிக்கும் எளிய வடிவங்களுக்குப் பின்னால் நிற்பவர் ஆங்கிலப் பியானோ கலைஞர் மைரா ஹெஸ். 147ஆம் கான்டாட்டாவின் கோரலுக்கு அவர் செய்த மாற்றமைப்பு 1926இல் அச்சானது. இந்த விவாதம் முழுவதையும் இந்த ஒரு படைப்பில் காணலாம் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

பாக்கின் மூலத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே, மும்மூன்றாக உருண்டோடும் வயலின், ஓபோ வரி. நடுவே, யோகான் ஷோப் 1642இல் அமைத்த துதிமெட்டை விட்டுவிட்டுப் பாடும் நான்கு குரல்கள். கீழே, நடைபோடும் அடிநாதம். உலகம் இன்று முணுமுணுக்கும் மெட்டு எது? அந்த மும்மூன்று ஓட்டம்தான். அதற்கு எந்தக் காலத்திலும் சொல் இருந்ததில்லை. சொல்லோடு இருந்தது உள்ளே நடக்கும் கோரல். மூலத்தில் பாடகர்கள் நுழைந்ததும் சபையாரின் காது தானாக அவர்கள் பக்கம் திரும்பிவிடும். டிரம்பட்டும் அந்த மெட்டுக்குத் துணைபோகும். பியானோவில் ஓட்டம் மேல் ஸ்தாயியில் துலங்க, கோரல் நடு ஸ்தாயியில், பெரும்பாலும் வலுவற்ற விரல்களிடமும் கட்டைவிரல்களிடமும் மாட்டிக்கொள்கிறது. ஹெஸ்ஸின் அமைப்பு இதை நன்கு அறிந்தது. கோரல் வரியை இரு கைகளுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்து, அது தனித்துக் கேட்க வழிசெய்கிறது. மாணவர் பதிப்புகளில் பல கோரலையே குறைத்துவிடுகின்றன அல்லது சுரக்கூட்டாக அடக்கிவிடுகின்றன. அங்கே சொல் மட்டும் போகவில்லை, சொல்லைத் தாங்கிய மெட்டும் போய்விடுகிறது. இந்த இழப்புக்குப் பியானோவைக் குறைசொல்ல முடியாது. அது சுருக்கியவரின் தேர்வு.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொற்கள் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் எழுதியவை. மார்ட்டின் யான் எழுதிய ஜெர்மன் பாட்டின் மொழிபெயர்ப்பு என்று அவற்றைச் சொல்ல முடியாது. திருமணங்களில் வாசிக்கும் மெதுவான வேகமும் இந்தப் பிந்தைய வாழ்க்கையில் படிந்த பழக்கம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டன் நேஷனல் கேலரியில் நண்பகல் கச்சேரிகளை நடத்திய ஹெஸ்ஸின் பெயரோடு இந்த இசை ஆறுதலின் அடையாளமாக ஒட்டிக்கொண்டது. 1950 செப்டம்பரில் பெசான்சோனில் நடந்த தம் கடைசிக் கச்சேரியில், நோயின் களைப்பால் ஷோப்பேனின் வால்ட்சுகளை முடிக்க முடியாத தினு லிப்பாட்டி இதை வாசித்து நிறைவுசெய்தார் என்பது பியானோ உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. மூலச் சொல் போன இடத்தில் வேறு பொருள்கள் குடியேறியிருக்கின்றன. வெற்றிடம் என்று எதுவும் இல்லை.

மூலத்தின் பக்கம் நிற்பவர்கள்

1909இல் பழைய இசை குறித்து நூல் எழுதிய வாண்டா லாண்டோவ்ஸ்கா ஹார்ப்சிக்கார்டை மீட்கப் போராடினார். 1971 முதல் ஹார்னான்கூர்ட்டும் லியோன்ஹார்ட்டும் பாக்கின் வழிபாட்டுக் கான்டாட்டாக்களைப் பழங்கருவிகளோடும் சிறுவர் குரல்களோடும் வரிசையாகப் பதிவுசெய்தார்கள். இந்த மரபினரின் பார்வையில் பியானோ மாற்றமைப்பு ஒரு கால மயக்கம். லிஸ்டும் புசோனியும் சேர்த்த கனத்த ஸ்தாயி இரட்டிப்புகள் பாக்கின் தெளிவை மூடிவிடுகின்றன என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு.

குறையும் உண்டு. மாற்றக்கூடாத முழுமைபெற்ற ‘படைப்பு’ என்ற எண்ணமே 1800ஐ ஒட்டி வலுப்பெற்றது என்று தத்துவ அறிஞர் லிடியா கோயர் 1992இல் வாதிட்டார். அது சரியென்றால், பாக்குக்கு இல்லாத ஒரு மரியாதையை அவர் பெயரால் கேட்கிறோம். காலம் குறித்து ஒருவர் சில பத்தாண்டுகள் முன்னே பின்னே வாதாடலாம்; அடிப்படையில் கோயரின் எச்சரிக்கை இன்னும் நிற்கிறது. மேலும், இந்த மரபினர் கருவியின் பழமையில் காட்டிய அக்கறை மற்ற இடங்களில் அதே அளவுக்கு இல்லை. கட்டணம் கட்டி அமரும் கச்சேரி அரங்கில், பிரசங்கமும் சபையும் இல்லாமல், பழங்கருவிகளோடு ஒரு கான்டாட்டாவை நிகழ்த்துவதும் ஒருவகை இடமாற்றம்தானே?

வழிபாட்டின் தரப்பு

இசைக்கலைஞர்களின் சண்டையில் அதிகம் அழைக்கப்படாத தரப்பு இது. 1903 நவம்பரில் திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட திருஇசை ஆணை, கத்தோலிக்க ஆலயங்களில் பியானோ வாசிப்பதை வெளிப்படையாகத் தடைசெய்தது. பியானோவை உலகியல் கருவியாகக் கண்டது ஒரு காரணம். அதைவிட ஆழமானது, வழிபாட்டுச் சொல்லுக்கு இசை பணிவிடை செய்ய வேண்டும் என்ற நிலைப்பாடு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கருவிகள் குறித்துத் தளர்த்தியது; சொல்லின் முதன்மையைத் தளர்த்தவில்லை.

கொங்கு நாட்டில் இந்த நிலைப்பாடு அந்நியமாகப் படாது. அவிநாசி, திருமுருகன்பூண்டி உள்ளிட்ட கொங்கின் ஏழு பாடல்பெற்ற தலங்களின் பெருமையே அங்கே பாடப்பட்ட பதிகங்கள்தான். ஓதுவார் மரபில் பண் முக்கியம், ஆனால் பதிகத்தின் சொல் மந்திரத்துக்குச் சமம். அதே கோயிலில் நாதசுரத்தில் அந்தப் பாட்டை வாசித்தால் யாரும் ஆட்சேபிப்பதில்லை. ஓதுவதற்குப் பதிலாக அது வருவதில்லை, ஓதுவதன் அருகில் வருகிறது என்பதால்தான். இந்தத் தரப்பின் பலவீனமும் இங்கேயே தெரிகிறது. வழிபாட்டுக்குள் என்ன செய்யலாம் என்று அது சொல்லும். வீட்டுக் கூடத்திலும் சபாவிலும் வாசிப்பதைப் பற்றி அதற்குச் சொல்ல அதிகமில்லை.

தரங்கம்பாடி வழி வந்த மெட்டுகள்

தமிழ் மண்ணுக்கு ஜெர்மன் கோரல் பியானோப் புத்தகத்தோடு வரவில்லை. 1706 ஜூலையில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியபோது பாக்குக்கு வயது 21. சீகன்பால்கை உருவாக்கிய ஹாலே நகரம் ஹேண்டல் பிறந்த ஊர். பின்னாளில் பாக்கின் மூத்த மகன் ஆர்கன் வாசித்த ஊர். ஹாலேயில் 1704இல் வெளியான ஃபிரைலிங்ஹவுசனின் பாட்டுத் தொகுப்பு வழங்கிய சூழலிலிருந்துதான் தரங்கம்பாடிக்கு மெட்டுகள் வந்தன. 1740இல் வந்த மிஷனரி ஃபப்ரீசியுஸ் வேதாகமத்தோடு ஜெர்மன் துதிப்பாட்டுகளையும் தமிழாக்கினார். பாக் மத்தேயு பாடுகளில் ஐந்துமுறை கையாண்ட சிலுவைப் பாட்டின் மெட்டு இன்றும் தமிழ்ச் சபைகளில் பெரிய வெள்ளியன்று பாமாலையாக ஒலிக்கிறது. அந்த மெட்டை 1601இல் ஹாஸ்லர் ஒரு காதல் பாட்டுக்காக அமைத்தார் என்பதை நினைத்தால், எந்தச் சொல் ‘மூலச்’ சொல் என்று அடித்துச் சொல்வது கடினம்.

ஆகவே பாமாலை பாடி வளர்ந்த ஒரு கோவைக்காரர் அந்தக் கோரலைப் பியானோவில் கேட்டால் அவருக்குச் சொல் எழும், தமிழில் எழும். ஜெர்மன் சந்தத்துக்காகத் தமிழ்க் குறில் நெடில்கள் அங்கங்கே நெருக்கப்பட்டிருக்கும் என்பது பழைய குறை. இந்தக் குறையும் ஒரு காரணமாக, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் ராக தாளத்தில் அமைத்த கீர்த்தனைகளுக்கு வரவேற்பு கூடியது. பல சபைகளில் இன்றும் பாமாலையும் கீர்த்தனையும் அருகருகே ஓடுகின்றன. பியானோ மாற்றமைப்பு இவற்றில் முதலாவதற்கு எளிது, இரண்டாவதற்குக் கடினம். கீர்த்தனையின் கமகத்தைக் கட்டைகளில் கொண்டுவர முடியாது என்ற வாதம், 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்கு விதித்த தடைக்குப் பின்னிருந்த அதே வாதம்தான்.

எதிர்த்திசைப் பயணமும் நம்மிடம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வாத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத் துதிகளை எழுதிய நோட்டுஸ்வர சாகித்தியங்கள், சொல்லில்லாத இசையை வழிபாட்டுக்குள் அழைத்துவந்தவை. பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் அடக்கம். பாக்கின் தாலாட்டுக்கு நேரடி உறவினர்கள் என்று இவற்றைச் சொன்னால் மிகையாகாது.

சாகித்தியம் கேட்கும் காது

கர்நாடக இசையில் கருவி வாசிப்பவர் பெரும்பாலும் பாட்டையே வாசிக்கிறார். வீணையில் சாகித்தியத்தின் எழுத்து விழும் இடத்தில் மீட்டு விழ வேண்டும் என்று கற்பிப்பார்கள். குழலில் சொல்லை முறிக்காமல் மூச்சு வாங்க வேண்டும். சொல் கேட்காது, ஆனால் வாசிப்பை அது நடத்துகிறது. கேட்பவரும் அந்தக் கிருதியை அறிந்தவர் என்பதால் மனத்துக்குள் பாடிக்கொள்கிறார். அனில் ஸ்ரீனிவாசன் சிக்கில் குருசரணின் பாட்டோடு பியானோ வாசிக்கும் முயற்சிகளில் இன்னொரு தீர்வு தெரிகிறது. சொல்லும் கமகமும் குரலிடம் இருக்க, பியானோ அதைச் சூழ்ந்த வெளியைக் கட்டுகிறது.

ஐரோப்பிய விவாதம் இந்த நடைமுறையிலிருந்து பெறக்கூடியது ஒன்று உண்டு. சொல்லை ஒலியிலிருந்து எடுத்துவிட்டாலும் வாசிப்பின் விதியாக அதை வைத்திருக்கலாம். கோரலின் ஒவ்வொரு அசைக்கும் எங்கே அழுத்தம், அடி எங்கே முடிகிறது, எங்கே மூச்சு என்று தெரிந்து வாசிக்கும் மாணவரின் கையும், சுரங்களை மட்டும் பார்த்து வாசிப்பவரின் கையும் வேறாகவே இருக்கும். கிரேடு தேர்வுப் புத்தகங்களில் பாட்டு வரிகளைச் சுரத்தின் கீழே அச்சிடுவது அரிது. அச்சிட்டால் ஒரு பக்கம் கூடும், அவ்வளவே.

இன்னும் தீராதவை

மாற்றமைப்பு கூடாது என்ற முழுத் தடைக்கு வரலாற்றில் போதிய ஆதாரம் இல்லை. எதையும் செய்யலாம் என்ற புசோனி வழிக்குப் போதிய கட்டுப்பாடு இல்லை. இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம். இதற்கு அப்பால் மூன்று கேள்விகள் திறந்தே நிற்கின்றன.

மாற்றமைப்பவர்கள் கோரல்களையும் ஏரியாக்களையும் தேர்ந்தார்கள். கதைசொல்லும் ரெசிடடிவ் பகுதிகளை அனேகமாகத் தொடவில்லை. அங்கே மெட்டு முழுக்கச் சொல்லின் நிழல். பரோக் வழிபாட்டிசையின் எந்தப் பகுதி சொல்லைவிட்டுப் பிரியும், எது பிரியாது என்பதற்கு இந்த விலகல் ஒரு மறைமுகச் சான்றாகலாம். இதை யாராவது படைப்பு படைப்பாக ஆராய வேண்டும்.

அடுத்தது நினைவின் தேய்வு. பியானோ வடிவத்தை மட்டுமே அறிந்த தலைமுறைக்கு எழுப்ப வேண்டிய சொல்லே இல்லை. அவர்கள் கேட்பது 1642ஆம் ஆண்டுத் துதிப்பாட்டின் மாற்றமைப்பா, 1926ஆம் ஆண்டுப் பியானோ இசையா? இரண்டாவது என்றே நினைக்கத் தோன்றுகிறது. அப்படியென்றால் அதை மூலத்தோடு ஒப்பிட்டுக் குறைகாண்பதில் பயனில்லை.

கடைசிக் கேள்வி கோவை போன்ற ஊர்களுக்கே உரியது. இங்குள்ள ஒருவர் பெரிய வெள்ளிப் பாமாலை ஒன்றைத் தனிப் பியானோவுக்கு அமைக்க உட்கார்ந்தால், விரல் எந்த அசைக்கு அழுந்த வேண்டும்? சிலுவைப் பாட்டென்றால், அதை எழுதிய கெர்ஹார்ட்டின் 1656ஆம் ஆண்டு ஜெர்மன் அசைகளுக்கா, சபை தலைமுறைகளாகப் பாடிவரும் தமிழ் அசைகளுக்கா? இரண்டும் ஒரே இடத்தில் விழுவதில்லை. ஜெர்மனைப் பின்பற்றினால் பாக்கின் சுரக்கூட்டுகள் பொருந்தி வரும். தமிழைப் பின்பற்றினால் சில இடங்களில் சுரக்கூட்டையே நகர்த்த வேண்டியிருக்கும். அப்படி நகர்த்தப்பட்ட ஒரு வடிவம் அச்சில் வந்து, அதை வாசித்துக் கேட்ட பிறகுதான் இந்த இடத்தில் வாதம் மேலே போக முடியும்.